அன்புச்செல்விக்கு நினைவில்லாத ஒன்பது வாரம்

புதுச்சத்திரத்திலிருந்து மேற்கே மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு கோழிப்பண்ணை வரும். அங்கே குஞ்சு ஷெட்டைப் பார்த்துக்கொள்பவள் அன்புச்செல்வி. வயது நாற்பத்து மூன்று. பதினாறு வருடமாக அதே வேலை. பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அவற்றை முதல் சில வாரம் சாகாமல் காப்பாற்றி, இறகு முளைத்த பிறகு அடுத்த ஷெட்டுக்கு அனுப்பி வைப்பது அவள் பொறுப்பு. அனுப்பிவிட்டுத் தரையைக் கழுவிக் காயவிட்டால் அடுத்த பெட்டிகள் வந்து நிற்கும்.

அந்த வயதுக் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. வெளியிலிருந்து சூடு கொடுக்க வேண்டும். ஷெட்டுக்குள் நாலு இடத்தில் தெர்மாமீட்டர் தொங்கும். அன்புச்செல்வி அதை அதிகம் பார்க்கமாட்டாள். வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்பாள். குளிர்ந்தால் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தும். சூடு சரியாக இருந்தால் சத்தம் தணிந்து, பரவலாகப் படுத்துக்கொள்ளும். "செல்விக்குக் காது ரெண்டும் மீட்டருங்க" என்று பண்ணை முதலாளி குமாரசாமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவள் கணவன் மணியன் தீவன மில்லில் வேன் ஓட்டுகிறான். ஒரே மகள் இனியா சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். புதுச்சத்திரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு. பெரிய குறை ஒன்றும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் கார்த்திகை மாதம் புயல் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பண்ணை ஜெனரேட்டரும் நின்றுபோனது. ஷெட்டில் அப்போது ஐந்து நாள் வயதுக் குஞ்சுகள் இருந்தன. ஈரக்காற்று உள்ளே வராமல் பக்கவாட்டுப் படுதாக்களை இறக்கிக் கீழே இறுக்கிக் கட்டினார்கள். பழைய காலத்துக் கரி அடுப்புகள் ஸ்டோரில் ஆறு கிடந்தன. அன்புச்செல்வி அவற்றை எடுத்துவந்து வெளியிலேயே பற்றவைத்து, புகை அடங்கிக் கரி செக்கச்செவேலென்று தணலான பிறகே உள்ளே கொண்டுவந்து வைத்தாள். புகைதான் ஆபத்து என்பது அவள் நினைப்பு. புகை இல்லாத தணலில் என்ன இருக்கிறது?

பதினோரு மணிவரை குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. சூடு ஏறிவிட்டது, படுத்துக்கொண்டன என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. இரண்டு நாள் தூக்கம் கெட்டதுதான் காரணம் என்று எண்ணித் தீவன மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தாள். அதுவரைதான் அவளுக்கு நினைவு இருக்கிறது.

பன்னிரண்டரைக்கு டீ கொண்டுவந்த அங்கம்மாள், உள்ளே ஒரு சத்தமும் இல்லாததைக் கேட்டுத் திகைத்தாள். அங்கம்மாளும் பல வருடம் பண்ணையில் இருப்பவள். குஞ்சுகள் அமைதியாக இருப்பது வேறு. இப்படி ஒன்றுமே கேட்காமல் இருப்பது வேறு. அவள் கதவைத் திறந்து போட்டு, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே படுதாக் கயிற்றை அரிவாளால் அறுத்துவிட்டாள். காற்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பாய்ந்தது. ஓடிவந்த ஆளும் அவளுமாகச் சேர்ந்து அன்புச்செல்வியைக் காலைப் பிடித்து இழுத்து மழைக்குள் கொண்டுவந்து போட்டார்கள். குமாரசாமியின் காரில் நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். அடுப்பு ஓரமிருந்த குஞ்சுகளில் முக்கால்வாசி செத்திருந்தன.

தணலிலிருந்து வந்த விஷவாயு என்று சொல்லி ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். மாலைக்குள் கண் விழித்தாள். "குஞ்சு?" என்றுதான் முதலில் கேட்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ஆறாம் நாள் வேலைக்கே போய்விட்டாள். கரிக்காற்று அடித்து எழுந்து வந்தவள் என்று பண்ணையில் எல்லாரும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மணியன் நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினான். விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பதினெட்டு நாள் கழித்து ஒரு காலையில் அவள் சாம்பாருக்கு மூன்று முறை உப்புப் போட்டாள். மணியன் வாயில் வைத்துவிட்டுத் துப்பினான்.

"என்ன செல்வி இது?"

அவள் அவனைப் பார்த்தாள். கோபமோ வெட்கமோ முகத்தில் இல்லை. சுவரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

அந்த வாரமே பண்ணையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி அவளுக்குத் தப்பிப்போனது. நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தவளை அங்கம்மாள் கைபிடித்து அழைத்துவந்தாள். நடை சுருங்கியது. காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். கேட்டால் ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஒருநாள் பாயிலேயே சிறுநீர் போய்விட்டது. அதைப்பற்றியும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்து கிளினிக்கில் சத்து ஊசி போட்டார்கள். மனசு சரியில்லை, மகள் விடுதிக்குப் போன ஏக்கம் என்றார்கள். மணியனின் சித்தி மந்திரிக்க ஆள் கூட்டிவந்தாள். மணியன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேனுக்கு ஒரு வாரம் லீவு சொல்லி மனைவியைச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே நரம்பியல் பிரிவில் இருந்தவர் நர்மதா என்ற இளம் டாக்டர். குமாரபாளையத்தில் தறி ஓட்டிய குடும்பத்துப் பெண். அவர் அன்புச்செல்வியை நடக்கச் சொன்னார், கையை மடக்கி நீட்டச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்றோடு அவள் நின்றுகொண்டாள். டாக்டர் மணியன் பக்கம் திரும்பினார்.

"ஒரு ரெண்டு மாசத்துக்குள்ள இவங்களுக்குப் புகை, கரி அடுப்பு, ஜெனரேட்டர், அப்படி ஏதாச்சும் ஆச்சுங்களா?"

மணியன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். "ஆச்சுங்க. ஆனா அது நல்லாயிருச்சுங்களே. பொறவு வேலைக்கெல்லாம் போனாளுங்க."

"அப்படித்தாங்க வரும். நல்லாயிட்ட மாதிரி ரெண்டு வாரம், மூணு வாரம் இருக்கும். அப்புறம் மூளைக்குள்ள நரம்பைச் சுத்தியிருக்கிற உறை பாதிச்சு, இப்படி ஆயிரும். எல்லாருக்கும் வராது. சில பேருக்கு வரும்."

ஸ்கேனிலும் அப்படியே தெரிந்தது. மருந்து அதிகம் இல்லை என்றார் டாக்டர். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நடக்க வைக்க வேண்டும், விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காத்திருக்க வேண்டும்.

"திரும்பி வந்துருவாளுங்களா?"

"பெரும்பாலானவங்க வந்துருவாங்க. எல்லாரும்னு நான் சொல்லமாட்டேங்க."

மணியன் அந்தப் பதிலை மதித்தான். வேன் முதலாளியிடம் பேசிக் காலைச் சரக்கு நடையை மட்டும் ஓட்டினான். மத்தியானத்தில் மனைவியைத் தெருவில் நடக்க வைத்தான். இனியா சனிக்கிழமை தோறும் வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, படங்களைக் காட்டிப் பெயர் கேட்டாள். பொங்கல் வந்து போனது. அன்புச்செல்வி கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

மாசி பிறந்த வாரத்தில் ஒருநாள் மணியன் ஈரத்துணியைக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, சட்டையை இப்படியா உதறாம போடறது?"

அவன் கையிலிருந்த துணியை வாளியில் போட்டான். பிறகு சட்டையை எடுத்து நன்றாக உதறிப் போட்டான்.

அன்றிலிருந்து நாளுக்கு நாள் தெளிவு வந்தது. தேதி கேட்டு ஆச்சரியப்பட்டாள். சாம்பாருக்கு உப்புப் போட்டதிலிருந்து சட்டையை உதறச் சொன்னது வரை, ஒன்பது வாரம், அவளுக்கு அடியோடு நினைவில்லை. சிலது மங்கலாகவாவது தெரியுமே என்று துழாவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய அண்ணன் காளியண்ணன் வந்தான்.

இங்கே பழைய சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்புச்செல்வி பிறந்த ஊர் ஓமலூர்ப் பக்கம். அதற்குப் பதினோரு வருடத்துக்கு முன் அவள் அப்பா விடியற்காலையில் இறந்துபோனார். செய்தி கிடைத்ததும் கிளம்பினாள். அன்றைக்குச் சேலத்தில் ஏதோ ஊர்வலம், பஸ் நகரவில்லை. அவள் வாசலில் போய் இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எடுத்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. "நாப்பது நிமிசம் நிக்கக் கூடாதாண்ணா?" என்று கேட்டாள். பக்கத்திலேயே இருந்த சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த காளியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் உள்ளே காலெடுத்து வைக்காமல் திரும்பினாள். அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் அந்த வீட்டுக்குப் போனதில்லை. அவனும் வந்ததில்லை.

அந்தக் காளியண்ணன் இப்போது கேட்டைத் திறந்துகொண்டு நேரே உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அடுக்களைக்குப் போய்த் தானே செம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்தான். பழகிய வீடு மாதிரி.

"எப்படி இருக்குது அம்மிணி? நல்லாத் தெளிஞ்சிருச்சுன்னு மாப்பிள்ளை போன் பண்ணுனாரு."

அன்புச்செல்வி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "உன்னை யாரு இங்க வரச் சொன்னது?"

அவன் முகம் செத்துப்போனது. மணியனைப் பார்த்தான். மீண்டும் தங்கையைப் பார்த்தான்.

"நாம பேசிக்கிட்டமே."

"எப்பப் பேசுனோம்?"

அவன் செம்பைத் திண்டில் வைத்துவிட்டு, "அப்பறமா வாரேன்" என்று சொல்லிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மணியன் நடந்ததைச் சொன்னான். அவள் நோவாகக் கிடந்த காலத்தில் யாரோ சொல்லிக் காளியண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. மார்கழியில் ஒருநாள் திடீரென்று வந்து நின்றான். பிறகு இன்னும் இரண்டு தடவை வந்தான். இரண்டாம் தடவை மணியன் மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது காளியண்ணன் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தான். "எல்லாஞ் சொல்லிட்டனுங்க மாப்பிள்ளை. சரியாப் போச்சுங்க" என்றான். என்ன சொன்னான் என்று மணியன் கேட்கவில்லை. அண்ணன் தங்கை விவகாரம், நமக்கென்ன என்று விட்டுவிட்டான்.

"நான் என்ன சொன்னேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும் செல்வி? உனக்கே தெரியலையே."

அவளுக்கு அது சகிக்க முடியாததாக இருந்தது. தான் இல்லாதபோது தன் வீட்டுக்குள் புகுந்து ஒருவர் ஒரு பொருளை எடுத்துப்போன மாதிரி இருந்தது. பதினோரு வருடம் சுமந்தது. அதைத் தானே இறக்கி வைத்தாளா, அவன் கழற்றிக்கொண்டு போனானா?

அடுத்த புதன்கிழமை சேலத்தில் டாக்டரைப் பார்க்கும் நாள். நர்மதா அவளை நடக்கவிட்டுப் பார்த்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்தாள், முப்பதுவரை தடுமாறாமல் வந்தாள். டாக்டருக்குச் சந்தோஷம்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா டாக்டரம்மா? அந்தக் கரிக்காத்து இன்னும் என்ற மண்டைக்குள்ள கெடக்குதுங்களா?"

"இல்லைங்க. நீங்க அன்னைக்கு மூச்சுல இழுத்தது ரெண்டு நாள்லயே போயிருச்சு. இப்ப இருக்கிறது உங்க உடம்பே செய்யறது மட்டுந்தான்."

"என்ற உடம்பு செய்யறதா?"

அன்றைக்குக் கூட்டம் குறைவு. நர்மதா பேனாவை மூடி வைத்தார்.

"முட்டியில அடிபட்டாச் செவந்து, நீலமாயி, அப்புறம் பச்சையாகுதில்லைங்களா? ரத்தத்துல இருக்கிற செவப்பை உடம்பு உடைக்கிறதாலதான் அந்தப் பச்சை வருது. உடைக்கிறப்ப கொஞ்சம் இரும்பு வெளிய வரும், கூடவே துளியூண்டு கார்பன் மோனாக்சைடும் வரும். உங்க கரி அடுப்புல வந்த அதே வாயு. மூளையில சில செல்லுங்க அதை வேணும்னே செய்யுதுங்க."

"ஐயோ, அப்ப என்ற தலைக்குள்ளயும் ஒரு கரி அடுப்பு இருக்குதுங்களா?"

"என்ற தலைக்குள்ளயும் இருக்குதுங்க" என்று டாக்டர் சிரித்தார். "ஆனா அது சூட்டுக்கு இல்ல, சேதி சொல்றதுக்கு. மூளையில ஒரு செல்லு இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லிக்கிட்டே இருக்குது. முக்காவாசிச் சேதியைக் குட்டிக் குட்டிப் பையில அடைச்சு வச்சிருக்கும். வேணுங்கறப்ப பையைத் திறந்து விடும். எதிர்ல இருக்கிற செல்லுல அதுக்குன்னு ஒரு வாசல் இருக்கும், அங்க போய்ச் சேரும். வாயுவை அப்படி அடைச்சு வைக்க முடியாதுங்க. அந்தந்த நிமிசத்துல செய்யோணும். செஞ்சா வாசலே வேண்டாம், சுவரைத் தாண்டிப் பக்கத்துல இருக்கிற எல்லாத்துக்கும் போயிரும். இது மட்டுமில்ல, நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒண்ணு இருக்குது, அதுக்கு ஆயுசே சில விநாடிதான். அழுகின முட்டை நாத்தம் உங்களுக்குத் தெரியாததில்ல. அந்த வாயுவும் துளியூண்டு மூளையில உண்டாகுது."

"அதே காத்துத்தான் என்னைச் சாய்ச்சதுங்க."

"அளவு தப்பிருச்சுங்க. வெளியில இருந்து வந்தது ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார்ற எடத்தையெல்லாம் புடிச்சுக்கிச்சு. ஆக்சிஜனைவிட எரநூறு மடங்குக்கு மேல இறுக்கமாப் புடிக்கும். மூளைக்கு மூச்சே போகல. உள்ளுக்குள்ள செய்யறது அதுல ஒரு துளிக்குக்கூட வராது."

"ஞாபகம் போனதும் அதனாலதானுங்களா?"

"உங்களுக்குப் போனது நரம்பு உறை பாதிச்சதால. ஆனா நல்லாக் கேட்டீங்க. ஞாபகத்துக்கும் வாயுவுக்கும் சம்பந்தம் இருக்குது. ஒரு செல்லு சொல்லுது, இன்னொண்ணு கேக்குது. அது பதிஞ்சு நிக்கோணும்னா, கேட்ட செல்லு சொன்ன செல்லுக்கு ‘கேட்டுட்டேன்’னு திருப்பி ஒரு சேதி அனுப்போணும். அந்தத் திரும்பிப் போற சேதி வாயுவாப் போகுதுன்னு சொல்றாங்க. நைட்ரிக் ஆக்சைடுக்கு அப்படி ஆதாரம் இருக்குது. கார்பன் மோனாக்சைடும் அந்த வேலை செய்யுதான்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. எனக்கும் முழுசாத் தெரியாதுங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள்: "நோவுல கெடந்தப்ப ஒருத்தரு எங்கிட்ட ஒரு சங்கதி சொன்னாரு. நானும் ஏதோ பதில் சொல்லியிருக்கேன். அது செல்லுமுங்களா?"

நர்மதா மூடிய பேனாவை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அது ஸ்கேன்ல தெரியாதுங்க. அன்னைக்குக் காதுல விழுந்திருக்கும். வாயும் பதில் சொல்லியிருக்கும். ஆனா பதியல. தேடுனாலும் உள்ள கிடைக்காது. யாரு சொன்னாங்களோ அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க. அதுக்கு நான் தடை சொல்லலை, பஸ்ஸுல தனியாப் போகலாம் இனிமே."

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அன்புச்செல்வி புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினாள். மணியன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு நிமிடம் எந்தப் பக்கம் போவது என்று தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, போர்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஓமலூர் வண்டியைத் தானே கண்டுபிடித்து ஏறி உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

காளியண்ணன் மல்லிகைக் காட்டில் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை ஊதி எடுத்துக்கொண்டிருந்தான். வரப்பில் தங்கை வருவதைப் பார்த்து எழுந்தான்.

"அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னியோ அதை மறுக்காச் சொல்லுண்ணா" என்றாள் அவள். "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல."

"அம்மிணி, அது…"

"சொல்லு."

அவன் குழாயைக் கீழே போட்டான். கையில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தான். "அன்னைக்குச் சொல்ல முடிஞ்சுதுன்னா, உன்ற கண்ணுல ஒண்ணுமே இல்ல. கோவங்கூட இல்ல. அதனாலதான் சொன்னேன். இப்ப நீ இப்படிப் பாத்துக்கிட்டு நின்னா எப்படிச் சொல்றது?"

"நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்." அவள் மெய்யாகவே திரும்பிக் கிணற்றுப் பக்கம் பார்த்து நின்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் அவன் குரல் வந்தது. "அப்பனை எடுக்கற அன்னைக்கு நீ பஸ்ஸுல இருந்து போன் பண்ணுன. கருப்பூர் தாண்டிட்டேண்ணா, வந்துர்றேன்னு சொன்ன. சரி வான்னு சொன்னேன். போனை வெச்ச உடனே பெரிய மனுசங்க கேட்டாங்க, பொண்ணு எங்க வருது, நிக்கலாமான்னு. நான்… இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொல்லிட்டேன்."

அன்புச்செல்வி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"அவங்க அவசரப்படுத்தல அம்மிணி. நாந்தான். விடியக்காலம் இருந்து அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நிமிசம்கூட முடியல. நீ வந்து அழுதா அதையும் பாக்கோணும். சீக்கிரம் எடுத்தாச் சரின்னு இருந்துச்சு. அவ்வளவுதான். வேற காரணம் ஒண்ணுமில்ல."

பதினோரு வருடமாக அவள் நினைத்திருந்தது வேறு. ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள், அண்ணன் எதிர்த்துப் பேசத் துணிவில்லாமல் நின்றான் என்றுதான் எண்ணியிருந்தாள். இது அதைவிட மோசம்.

"இதைக் கேட்டுட்டு நான் என்ன சொன்னேன்?"

"சாப்டியாண்ணான்னு கேட்ட."

அவள் சட்டென்று திரும்பினாள். "இதைக் கேட்டுட்டா? இதைக் கேட்டுட்டுச் சாப்டியான்னா கேட்டேன்?"

"ஆமா. நான் மன்னிச்சிட்டேன்னு எடுத்துக்கிட்டேன்."

"புத்தியிருந்தா எவளாச்சும் அப்படிக் கேப்பாளா? அன்னைக்கு எனக்குப் புத்தி இருந்திருந்தா உன்னைச் செருப்பால அடிச்சிருப்பேன்!"

அவள் கத்தியதில் பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் விடுவிடுவென்று நடந்து கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தாள். சத்தமாக அழுதாள். அப்பாவுக்கான அழுகை. அன்றைக்கு வாசலில் நின்றபோது வராமல் போனது. காளியண்ணன் கிட்டே வரவில்லை, போகவும் இல்லை. வெயிலில் வரப்பிலேயே நின்றான்.

அரை மணி நேரம் போயிருக்கும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள். அவன் வந்து இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தான்.

"நான் உன்ற வாசல்ல இருந்து திரும்பி நேரா பஸ்ஸுக்குப் போனேன்னு நெனச்சியா?" என்றாள். "சுடுகாட்டுக்குப் போனேன். அங்க ஒரு ஆளு மட்டும் கம்போட நின்னாரு. எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவரு பொம்பளை வரக்கூடாதும்மான்னாரு. நான் தூர நின்னு பாத்துட்டு வந்தேன்."

காளியண்ணனுக்கு இது தெரியாது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அவள் சமாதானம் சொல்லவில்லை. சொல்வதற்கு இன்னும் மனசு வரவில்லை என்று பிற்பாடு மணியனிடம் சொன்னாள். ஆனால் அவன் சொன்னதை இந்தத் தடவை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். தான் சொன்னதையும் அவன் கேட்டுக்கொண்டதைப் பார்த்தாள். மூன்று மணி பஸ்ஸுக்கு அவன்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டான்.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் பொய். பங்குனி முழுக்க அவள் போன் எடுக்கவில்லை. சித்திரையில் இனியாவின் கல்லூரிக்கு அம்மா பிறந்த ஊரிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. ஓமலூர்த் தாலுகா அலுவலகத்தில் அதை வாங்கிக் கொடுத்தவன் காளியண்ணன். அப்போது இரண்டு வார்த்தை பேசினாள். வைகாசியில் அவன் மனைவிக்கு உடம்பு சரியில்லாதபோது ஒருநாள் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டுக்குள் பதினொன்றரை வருடம் கழித்துக் காலெடுத்து வைத்தாள். அப்பா படுத்திருந்த அறையில் இப்போது மல்லிகைச் சாக்குகள் அடுக்கியிருந்தன.

ஆனியில் பண்ணை வேலைக்குத் திரும்பினாள். குமாரசாமி அதற்குள் படுதாக்களை மேலே ஒரு அடி வெட்டி, எந்த மழையிலும் அந்த இடைவெளி திறந்தே இருக்கும்படி செய்திருந்தார். கரி அடுப்புகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். கரிக்காற்று வந்தால் கத்தும் சின்னப் பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது. அன்புச்செல்வி இப்போதும் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்கிறாள். ஆனால் சத்தம் தணிந்தால் வெளியே நின்று நிம்மதிப்படுவதில்லை. உள்ளே போய்க் குனிந்து, நாலைந்து குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டே திரும்புகிறாள். வேலை அதிகமான நாளில் பொழுது சாயும் நேரத்துக்குச் சிலபேர் பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை. அவசரப்படாமல் இருந்தால் வந்துவிடும்.

ஆடி அமாவாசைக்கு அவள்தான் அண்ணனுக்குப் போன் செய்தாள். அப்பாவுக்கு இந்த வருடம் மேட்டூரில் தர்ப்பணம் கொடுக்கலாம், தானும் வருகிறேன் என்றாள். காவிரியில் அன்றைக்கு நல்ல தண்ணீர். படித்துறையில் நெருக்கித் தள்ளும் கூட்டம். ஐயர் சொல்லச் சொல்லக் காளியண்ணன் எள்ளும் தண்ணீரும் விட்டான். அவள் ஒரு படி மேலே நின்று எள் இருந்த வாழையிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐயர் அப்பாவின் பெயரைக் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்குக் கிடைத்தது. காளியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தபடி, ஈரவேட்டியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு தூங்கிப்போனான். அணைக்கட்டுக்காற்று முகத்தில் அடித்தது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் பின்னால் போயின. ஓமலூர் வந்ததும் அவள் அவன் தோளைத் தட்டி எழுப்பினாள்.